பள்ளியின் ஒரே குரல்

பள்ளிக்கூடத்தில் நடக்கும் எதுவும் முதலில் எட்டுவது வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குத்தான். தலைமையாசிரியைக்குக் கடைசியில்தான் வந்து சேரும். இருபத்தாறு வருட சர்வீஸில் இதை மட்டும் என்னால் மாற்றவே முடியவில்லை. எந்த வகுப்பில் யார் அழுதார்கள் என்பது அடுத்த பெல் அடிப்பதற்குள் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

அதனால்தான் நெருக்கடி நேரத்தில் நிருபர்களைச் சமாளிக்கும் அந்தப் பயிற்சிக்குப் போனேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தாளாளர்தான் அனுப்பினார். போன வருடம் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலந்து பதினேழு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் ஆம்புலன்ஸ் சைரனோடு வந்து நின்றது. பின்னாலேயே கேமரா. வாட்ச்மேன் ஒன்று சொன்னார், கணக்கு டீச்சர் வேறொன்று சொன்னார், ஆயா மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்று நாள் டிவியில் எங்கள் வாசல்தான். அடுத்த சேர்க்கையில் ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவையே மூட வேண்டியதாயிற்று.

பயிற்சியில் சொன்னதெல்லாம் நியாயமான விஷயங்கள். நெருக்கடியில் பள்ளிக்கு ஒரே குரல் இருக்க வேண்டும். முதலில் பிள்ளைகளின் பாதுகாப்பு, பிறகு பெற்றோருக்குத் தகவல், அதற்கப்புறம்தான் நிருபர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நான் ஒழுங்காகக் குறிப்பு எடுத்தேன். இந்த வரிசை நமக்கு ஒத்துவராது என்று மட்டும் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

திரும்பி வந்து எல்லோரையும் உட்காரவைத்து நான்கு தடவை பாடம் எடுத்தேன். யார் என்ன கேட்டாலும் "மேடம்கிட்ட கேளுங்க" என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். அதைக்கூடச் சொல்ல வராதவர்களை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியை நடத்துவது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

கம்பம் விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்துக் கம்பத்தின் அடியில் துரு அரித்துவிட்டது என்று விளையாட்டு ஆசிரியர் இரண்டு கடிதம் கொடுத்தார். சேர்க்கைப் புத்தகத்துக்குப் படம் எடுக்கும் வாரம் அது. மைதானத்தைத் தோண்டிப் போட்டால் படம் எப்படி வரும்? துருவின் மேல் நீல பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். படம் நன்றாகவே வந்தது.

அன்று காலை பத்தே முக்கால். எட்டாம் வகுப்புக்கு விளையாட்டு நேரம் முடிந்து பிள்ளைகள் மாடி ஏறிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தாள். அப்போதுதான் கம்பம் சாய்ந்தது. பார்த்தவர்கள் இரண்டே பேர், விளையாட்டு ஆசிரியரும் ஆயாவும். இருவருமாக அவளைத் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு வந்தார்கள். நானும் போனேன்.

"மேடம், நெஞ்சுல விழுந்திருக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்," என்றார் விளையாட்டு ஆசிரியர். போனை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

"போனை இப்படிக் குடுங்க."

"ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் மேடம். நான் தூக்கிட்டே ஓடிடுவேன்."

"யூனிஃபார்மோட ஒரு பிள்ளையத் தூக்கிட்டு ரோட்டுல ஓடப் போறீங்களா? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க சார்."

போனை வாங்கி என் கைப்பையில் போட்டேன். சிறுமியின் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தூக்கமா வருது மிஸ். அம்மாவக் கூப்பிடுங்க," என்றாள். கூப்பிடுகிறேன் என்றேன். அந்த அம்மா துணிக்கடையில் வேலை பார்ப்பவர். கடையிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தால் தெருவே கூடிவிடும். அறிக்கை தயாரானதும் சொல்லலாம் என்று என் அறைக்குப் போனேன்.

அறிக்கை எழுதுவது லேசான வேலை இல்லை. ஒரு சொல் கூடினாலும் கேள்வி வரும், குறைந்தாலும் வரும். 'மாணவி மயங்கி விழுந்ததில் படிக்கட்டில் அடிபட்டது. உடனடியாக மருத்துவ உதவி அளிக்கப்பட்டது.' உடனடியாக என்று எழுதும்போது மணி பதினொன்று பத்து. ஆயா வந்து வந்து கதவைத் தட்டினார். "புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுதும்மா, உதடு வெளுத்துப் போச்சும்மா." மூன்றாவது முறை எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஒரு பத்தியை நிம்மதியாக எழுத விடமாட்டேன் என்கிறார்களே.

இடைவேளை முடிந்து வராந்தா காலியாக வேண்டும் அல்லவா? பதினொன்று ஐம்பதுக்கு என் காரைப் பின்வாசலுக்கு வரவழைத்தேன். பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும் நிருபர்கள் காவல் கிடப்பார்கள். அதனால் ஊருக்கு வெளியே, நாற்பது நிமிடத் தொலைவில், எங்கள் மாணவன் ஒருவனின் அப்பா நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பாதி வழியில், ஆயாவின் மடியில், அவள் இறந்துவிட்டாள். அப்போது நான் முன் சீட்டில் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'சிகிச்சை பலனின்றி' என்று ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று.

மதியத்துக்குள் கம்பத்தை அறுத்து எடுத்து மைதானத்தைக் கூட்டியாயிற்று. விளையாட்டு ஆசிரியரிடம், "மைதானத்துல இருந்தது நீங்க. முதல்ல உங்களத்தான் பிடிப்பாங்க. பேசுறத என்கிட்ட விட்டுடுங்க," என்றேன். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்று கேள்வி.

சாயங்காலம் நிருபர்கள் வந்தார்கள். ஏன் மயங்கி விழுந்தாள் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நான் அதை யோசித்திருக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் காலையில் சரியாகச் சாப்பிடாமல் வந்துவிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொன்னேன். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள், நான் பொய் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னைக்கு நேரமாச்சுன்னு பாதி சாப்பாட்டுலயே எழுப்பி அனுப்பிட்டேன் மிஸ். நான்தான் என் பொண்ணக் கொன்னுட்டேனா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்களையே குறை சொல்லிக்காதீங்கம்மா. எந்த அம்மாவுக்கும் நடக்கிறதுதான்."

வெளியே போய் நிருபர்களிடம் அவரே அதைச் சொன்னார், தன் மேல்தான் தப்பு என்று. அதற்குப் பிறகு எங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தாளாளர் போன் செய்து பாராட்டினார்.

கடைசியில் ஆயா ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் வாயைத் திறந்திருக்கிறார். நான்கு தடவை பாடம் எடுத்தும் பிரயோஜனம் இல்லை. போகட்டும். எழுதிக்கொள்ளுங்கள். கம்பம் விழும் நிலையில் இருந்தது எனக்குத் தெரியும். போனை வாங்கிவைத்தது நான். ஒரு மணி ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளையை அங்கேயே கிடக்கவைத்தது நான். அரை மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். எல்லாம் உண்மை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவிடம் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். உங்களுக்கெல்லாம் பக்குவமாகச் சொல்ல வராது. நானே சொல்கிறேன். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும்.