ஏழும் ரெண்டும்

இல்ல தம்பி, அதுல உக்காராதீங்க. அது இஸ்திரி மேசை, இன்னும் சூடு ஆறியிருக்காது. இந்தக் கூடையக் கவுத்துப் போட்டு உக்காருங்க, நாங்கல்லாம் அப்படித்தான். கேமராவ அந்தப் பக்கம் திருப்ப வேணாம், ட்ரையர்லேருந்து பஞ்சு பறந்துக்கிட்டே இருக்கும். போய் ஒட்டிக்கும்.

ஆமா, சொன்னாங்க. மேலாபீஸ்லேருந்து படம் எடுக்க வர்றாங்க, நல்லதா ஒரு துணி போட்டுட்டு வான்னு சூப்பர்வைசர் நேத்தே சொல்லிட்டாரு. ஊருல உள்ளவங்க துணியெல்லாம் என் கையிலதான் இருக்கு, எனக்குப் போடத்தான் நல்லதா ஒண்ணு இல்ல. சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சு நாளாச்சு.

போன்ல பாடம் சொல்லித்தர்ற உங்க ஆப்பப் பத்தியா? அதக் குறை சொன்னா என் வாய் அழுகிப்போகும். முன்னாடியெல்லாம் இங்க யாரும் யாருக்கும் எதையும் சொல்லித் தர மாட்டாங்க தம்பி. கறை மருந்து எவ்வளவு ஊத்தணும்னு கேட்டா, கண்ணு எங்க போச்சு, பார்த்துக் கத்துக்கம்பாங்க. இப்ப ஆளுக்கொரு போன் குடுத்திருக்கீங்க. சின்னச் சின்னப் படமா பாடம் வருது. சந்தேகம் வந்தா கேள்வியப் போட்டுரலாம், எந்தக் கிளையில இருக்கிறவங்க வேணாலும் பதில் எழுதலாம். கேட்டவங்க படிச்சுட்டேன்னு கட்டைவிரல் படத்த அமுக்கணும். முதல்ல பதில் சொன்னவங்களுக்கு ஸ்டாரு.

ஆமா, எனக்குத்தான் நெறைய. அதுக்குத்தானே வந்திருக்கீங்க. பதில் போட்ட உடனே போன் கிணுங்குன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க. ஒன்பதாவதோட நின்னவ நான். மூஞ்சி தெரியாத யாரோ, டீச்சரக்கா ரொம்ப நன்றின்னு எழுதினா தலை கிறுகிறுக்காதா? மெஷின் ஓடிக்கிட்டிருக்கும், ஈரக்கைய இடுப்புல துடைச்சுட்டு டக்குன்னு பதில் போட்டுருவேன். இன்னொருத்தர் முந்திரக் கூடாதுல்ல. தெரியாதுன்னு மட்டும் எழுதினதே இல்ல. அதுக்கு ஸ்டார் கெடையாதே.

சேர்ந்து பாடம் படிக்க ஜோடியா? இருக்காங்க. எங்க அண்ணிதான் என் ஜோடி. சொந்த அண்ணி, எங்கண்ணன் சம்சாரம். ஒரே வீடுதான். இங்க சேர்த்துவிட்டதே நான்தான். மொதல்ல போனத் தொடவே பயம் அவங்களுக்கு. அமுக்கினா வெடிச்சிருமோங்கிற மாதிரி விரல நீட்டுவாங்க. சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் இந்தக் கூடைங்க மேல உக்காந்து, ஒரே இயர்போன ஆளுக்கொரு காதுல மாட்டிக்கிட்டுப் பாடம் பார்ப்போம். கொஞ்ச நாள்ல என்னையே தாண்டிட்டாங்க தம்பி. வீட்டுல அண்ணன் சட்டையக் கழட்டிப் போட்டா, தடவிப் பார்த்து, இது முழுப் பருத்தி இல்லங்க, கலப்புன்னு சொல்வாங்க. அண்ணன், வந்துட்டாங்கய்யா கலெக்டரம்மான்னு கிண்டல் பண்ணுவாரு. அவங்களுக்கு வெக்கமும் சந்தோஷமும் தாங்காது.

அவங்கள எடுக்க முடியாது. இன்னிக்கு வரல. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வந்து... புது மெஷின் இறக்கினீங்கல்ல, அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு.

பெரிய ஓட்டல் ஒண்ணு நமக்குத் துணி போடுறாங்க, அங்க வரவேற்புல நிக்கிறவங்களோட நீலக் கோட்டு. மொத்தமா ஒரு வண்டி வந்துச்சு. பழைய மெஷின்ல சாயத்துணிக்கு ஏழாம் நம்பர். புதுசுல ஏழ அமுக்கினா வெள்ளைத்துணிக் கணக்கு, கொதிக்கிற தண்ணியும் ப்ளீச்சும் சேர்ந்து வந்துரும். சாயத்துக்கு அதுல ரெண்டு. அண்ணி ஏழ அமுக்கிட்டாங்க. கதவத் திறந்தா ஒரு கோட்டுலகூட நீலம் இல்ல. சாம்பல்ல புரட்டி எடுத்தாப்ல கெடந்துச்சு.

கேக்காம எங்க செஞ்சாங்க? ஆப்புல கேட்டுட்டு, வந்த பதிலப் படிச்சு, கட்டைவிரலும் போட்டுட்டுத்தான் செஞ்சாங்க. அதுதான் வினையே. சாப்பிட்டு வந்ததும் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் போன நீட்டினாரு. ரெண்டுன்னு கொட்டை எழுத்துல இருக்கு, படிச்சேன்னு விரல் வேற போட்டிருக்க, அப்புறம் எதுக்கு ஏழ அமுக்கினன்னு கேட்டாரு. அண்ணி போனப் பார்த்தாங்க. என் மூஞ்சியப் பார்த்தாங்க. திரும்பப் போனப் பார்த்தாங்க. நான் ஏழுன்னுதானே படிச்சேன்னு, அதுவும் வாய்க்குள்ளயேதான் சொன்னாங்க. அவ்வளவுதான், தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

நானா? நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. மடிச்சதையே பிரிச்சுப் பிரிச்சு மடிச்சுக்கிட்டிருந்தேன்.

வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. அண்ணன் வீட்டுல குதிகுதின்னு குதிச்சாரு. உனக்கெல்லாம் எதுக்கு இந்தப் படிப்பு, அடுப்படியோட கெடக்க வேண்டியதுதானேன்னு. அப்பக்கூட அண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா? உங்க தங்கச்சி சரியாத்தாங்க எழுதியிருந்தா, ஏழும் ரெண்டும் பார்க்க ஒண்ணு போலத்தானே இருக்கு, என் கண்ணுதான் அவிஞ்சுபோச்சுன்னாங்க. நான் தட்டுல இருந்த சோத்த அப்படியே மூடி வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. டாக்டர் கண்ணு நல்லாருக்கும்மான்னுட்டாரு. இவங்க நம்பல. ரோட்டோரக் கடையில தானா ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கிட்டாங்க. எங்கம்மாவோட மாத்திரை அட்டைய எங்கிட்ட நீட்டி, இது காலையில போடுறதுதானா, நீ பார்த்துச் சொல்லும்மான்னு கேக்குறாங்க. எங்கிட்டயே கேக்குறாங்க தம்பி.

இந்தா இந்தப் பையிலதான் இருக்கு, அவங்க போனு. ஆபீஸ்ல ஒப்படைச்சுருன்னு துடைச்சுக் குடுத்தாங்க. இன்னிக்குக் குடுத்துட்டா நாளைக்கு அவங்க எடத்துல வேற ஆள். கேக்குதா? பாடம் வந்திருக்குன்னு அதுபாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கு.

ம்... அழுகையெல்லாம் இல்ல, பஞ்சுதான்.

சரி, ஆரம்பிங்க. என்ன பேசணும்? ஏதாவது ஒரு கேள்வியும் நான் போட்ட பதிலும் படிக்கணுமா? எதுன்னு நானே எடுக்கலாமா? இருங்க, தேடிக்கிறேன். இந்தா, இது. லைட்டு போட்டாச்சா? ஓடுதா?

கேள்வி, புது மெஷின்ல நீலக் கோட்டுக்கு எந்த நம்பர் போடணும். கேட்டது எங்க அண்ணி. பதில் போட்டது நான். ஏழு.

இல்ல தம்பி, நிறுத்தாதீங்க. நீங்க எட்டிப் பார்க்கிறது சரிதான், இப்ப அதுல ரெண்டுன்னுதான் இருக்கு. பழைய நெனப்புல ஏழுன்னு போட்டேன். கோட்டு வெளுத்து வந்ததும், சூப்பர்வைசர் பார்க்கறதுக்குள்ள, கை கழுவுற எடத்துல நின்னு அழிச்சுட்டு ரெண்டுன்னு மாத்திட்டேன். மாத்தினா மாத்தின அடையாளமே தெரியாதாம்ல உங்க ஆப்புல.

நான் தப்பாப் படிக்கல. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. எங்க அண்ணிக்கும் நல்லாத்தான் தெரியும்.