என் பெயர் போட்ட பூட்டு

இந்த அறையில் ஒரே பிளக்கில் மூன்று ஒயர் மாட்டி வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். மின்விசிறி, கணினி, தண்ணீர் காய்ச்சும் கெட்டில். கெட்டிலையாவது வேறு இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள், நான் எங்கும் போகப்போவதில்லை.

பெயர் சபாபதி, வயது அறுபத்திரண்டு. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். என் காலத்தில் அங்கே யாருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. மெஷினைப் பழுதுபார்க்கப் போகிறவன் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அதில் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். சாவி அவன் சட்டைப் பையில் இருக்கும். அவனே வந்து திறக்கும்வரை முதலாளிகூட அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. கேட்பதற்குக் கெடுபிடியாக இருக்கும். ஆனால் எல்லோரும் முழுசாக வீடு திரும்பினார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினேன். உள்ளே கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் உண்டு. என் மனைவி வாசுகிக்கு ஊர் சுற்றுவதில் ஆசை. அவளுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். இரவும் பகலும் மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அது கரண்டில் ஓடும் மெஷின். நின்றுபோனால், அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடம் தாங்குவார், அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் அடைத்த கைச் சிலிண்டரை மாட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். எனக்கு எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு.

சாலையில் போகும்போது வண்டிக்கு ஜெனரேட்டர் கரண்டு கொடுக்கும். இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள மின்கம்பத்தில் கேபிளை மாட்டி வெளிக்கரண்டுக்கு மாற வேண்டும். இந்த இரண்டும் ஒரு கணம்கூட ஒன்றாகச் சேரக்கூடாது. சேர்ந்தால் வண்டி எரியும், அல்லது கேபிளைப் பிடித்திருப்பவன் போய்விடுவான். அதற்காகத்தான் கதவோரப் பெட்டியில் மாற்று சுவிட்ச். இடப்பக்கம் ஜெனரேட்டர், வலப்பக்கம் வெளிக்கரண்டு, நடுவில் எதுவும் இல்லாத பூஜ்யம்.

நான் ஏழு படிகள் வகுத்தேன். கரண்டு இழுக்கும் எல்லாவற்றையும் அணைப்பது, ஜெனரேட்டரைச் சும்மா ஓடவிட்டு ஆறவைப்பது, அதை நிறுத்துவது, சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவருவது, கம்பத்தின் கரண்டை மீட்டரில் பார்ப்பது, கேபிளை மாட்டுவது, கடைசியாகச் சுவிட்சை வலப்பக்கம் திருப்புவது. அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, குளிர்பெட்டிக்கு மேலே ஒட்டினேன். முதல் படியில் ஆக்சிஜன் மெஷினும் அடக்கமா என்று கேட்கிறீர்கள். அதுவும் கரண்டு இழுக்கும் பொருள்தானே.

போன மார்ச்சில் மெர்சிங் போயிருந்தோம். மகள் லோஷினியும் மருமகன் தீபனும் கூட வந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் நான் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வாசுகி தானே ஜெனரேட்டரிலிருந்து வெளிக்கரண்டுக்கு மாற்றிவிட்டாள். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, கேபிளை மட்டும் தீபனை மாட்டச் சொல்லிவிட்டு, ஏழு படியையும் வரிசை தப்பாமல் செய்திருக்கிறாள். மூன்றரை நிமிடம். தீபன் கைதட்டினான். "மாமாவவிட அத்தை ஃபாஸ்ட் லா" என்றான். வாசுகி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. எனக்கு மூக்கை உடைத்த மாதிரி இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் ஒரு பூட்டு வாங்கினேன்.

நடுவில் நிற்கும் சுவிட்சைப் பூட்டிவிட்டு, என் பெயர் போட்ட சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவேன். ஐந்தாவது படியும் ஆறாவது படியும் முடிந்ததும் அவளை ஏழு படியையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். சரியாகச் சொன்னால் பூட்டைத் திறப்பேன். தவறினால் முதலிலிருந்து. கொடுமை என்று லோஷினி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை நான் இப்படித்தான் பழக்கினேன், ஒருவரும் செத்துப்போகவில்லை. வாசுகியும் நன்றாகத் தேறினாள். பூட்டு போட்ட பிறகு முதல் பயணத்தில் ஒன்பது நிமிடம் எடுத்தாள், உதடு நீலம் பாரித்துவிட்டது. மூன்றாவது பயணத்தில் ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்டாள். சொல்லி முடித்ததும் "சரிங்களா?" என்று கேட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

கைச் சிலிண்டர் எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். வீட்டில் அலமாரிக்குள் இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும் வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் ஆபத்து என்று இறக்கி வைத்தேன். எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பூட்டு வாங்கிய அதே வாரம்.

இனி காஹாங்கில் நடந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஆற்றோரமாக, எங்களுக்குப் பழக்கமான நவ்சாத் ஒரு முகாம் நடத்துகிறார். வாசலில் சாப்பாட்டுக் கடையும் அவருடையதுதான். போகும் வழியில் வாசுகி சாதாரணமாக ஒன்று சொன்னாள். "அடுத்த மாசத்துலேருந்து நான் லோஷினி வீட்ல இருந்துக்கிறேங்க. ஸ்கூடாய்ல சுவத்துல மாட்டினா மாட்டினபடி ஓடும். எனக்கு இது முடியல."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் அனுமதி கேட்காமல் தகவலாகச் சொன்ன முதல் விஷயம் அது. அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாவற்றையும் அணைத்தேன். ஜெனரேட்டரை ஆறவைத்து நிறுத்தினேன். சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவந்து பூட்டினேன். அப்போது மழை பிடித்துக்கொண்டது. மழையில் நின்று கம்பத்தைத் தொடக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். வண்டிப் பக்கத்துக் கூடாரத் துணிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜெனரேட்டரைத் திரும்ப ஓடவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஓடவிட்டிருக்கலாம். இடப்பக்கம் திருப்பினால் முப்பது விநாடி வேலை. ஆனால் வரிசையில் பின்னால் போவது என் வழக்கமில்லை.

ஐந்து நிமிடம் போனதும் அவள் ஜன்னல் கண்ணாடியில் தட்டினாள். ஏழு நிமிடத்தில் மறுபடியும் தட்டினாள். நான் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன். கவனித்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் இல்லையா.

கொஞ்ச நேரத்தில் நவ்சாத் குடையோடு வந்தார். "அண்ணே, கரண்டு போட்டாச்சா? அக்காவுக்கு மெஷின் ஓடணுமே" என்றார். செக் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எங்கள் கம்பத்துக்கு மேலே கூரை இருக்கு, ஒரு சொட்டு நனையாது, வேண்டுமென்றால் நான் மாட்டிவிடட்டுமா என்று கேட்டார். நான் எழுந்து போய், கதவோரம் பெட்டியில் தொங்கிய சிவப்பு அட்டையைக் காட்டினேன். என் பெயர் போட்ட பூட்டில் என்னைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது, அது சட்டம் என்று விளக்கினேன். பாவம், நல்ல மனிதர். உங்களுக்குத் தெரியாததாண்ணே என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார். அவரை நீங்கள் தொந்தரவு செய்யாதீர்கள், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

பிறகு நான் கம்பத்துக்குப் போனேன். கூரை இருந்தது உண்மைதான். மீட்டரை வைத்துப் பார்த்தேன், கரண்டு சரியாக இருந்தது. கேபிளை மாட்டினேன். ஏழாவது படி மட்டும் பாக்கி. கதவைத் திறந்து, சொல்லச் சொன்னேன்.

இதுவரை நான் உங்களிடம் சொன்னது, அவள் பிடிவாதமாக வாயைத் திறக்கவில்லை என்பது. இரண்டு நாளாக அதையேதான் சொல்லிவருகிறேன். இப்போது நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். வாசுகி லோஷினிக்குப் போன் போட்டிருக்கிறாள், அவள் வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை, பேசியதெல்லாம் குரல் பதிவாகிவிட்டது, நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்கிறீர்கள். வாசுகியின் மடியில் போன் இருந்ததை நான் பார்த்தேன். வெளிச்சம் எரிந்தது. அது என்னவென்று யோசிக்கவில்லை. கேட்டுவிட்டீர்கள் என்றால் இனி எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அவள் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஒன்னு, எல்லாத்தையும் அணைக்கணும். ரெண்டு, ஆற வைக்கணும்." அப்படியே ஏழு வரைக்கும் போனாள். ஒரு தப்புகூட இல்லை. கடைசியில் "சரிங்களா?" என்றுகூடக் கேட்டாள், அதுவும் பதிவில் இருக்கும்.

அதுவரை அவள் எங்காவது தடுமாறுவாள் என்று காத்திருந்தேன். தடுமாறியிருந்தால் நான் திருத்திவிட்டுத் திறந்திருப்பேன், சத்தியமாகத் திறந்திருப்பேன். தடுமாறவில்லை. அன்றைக்கு மெர்சிங்கில் செய்த மாதிரியே, நான் தேவையே இல்லாத மாதிரி, சரியாகச் சொல்லி முடித்தாள். அடுத்த மாதம் ஸ்கூடாய்க்குப் போய்விடுவாள். அங்கே யாரிடமும் எதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. எனக்கு வந்த ஆத்திரம் அவளுக்குத் தெரிந்திருக்காது, என் குரல் உயரவே இல்லை. பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள்.

சாவியைக் கையில் எடுத்திருந்தேன். அவள் அதைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"சத்தம் பத்தல," என்றேன். "முதல்லேருந்து சொல்லு."

அவள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கி மூன்றுவரை வந்தாள், நான்கு வரவே இல்லை. நான் பூட்டைத் திறந்தது அதற்குப் பிறகு இருபது நிமிடம் கழித்து, கம்பத்தின் கரண்டை இன்னொரு தடவை மீட்டரில் சரிபார்த்த பிறகுதான்.