தாய்வூட்டுத் தையல் மிஷின்

— ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— என்ன சுமதி இது? லப்பைக்குடிகாட்டுலேருந்து ரெண்டு பஸ்சு மாறி வேப்பந்தட்டைக்கு இதுக்குத்தானே வந்தேன். 'ஜன்னத் புர்கா ஹவுஸ்'னு என் கடைக்குத் தைக்கிற பதினோரு வூட்டு மிஷின்லயும் ஒட்டியாச்சு.

— எங்க அத்தை பாத்தா அவ்வளவுதான்.

— ஏன் புள்ள, என் பேரு உங்க மாமியாளுக்குப் புடிக்காதா?

— ஐய, அதில்லக்கா. போன மாசம் மிஷினு, நாற்காலி, டியூப்லைட்டுன்னு வேன்ல அனுப்பினீங்கள்ல? புள்ளைக்கு ஊசி போட்டுட்டு வூட்டுக்கு வர்றேன், அதுக்குள்ள "மருமவளுக்குத் தாய்வூட்டுச் சீரு வந்திருக்கு"ன்னு அத்தை தெருபூரா சொல்லிட்டாங்க.

— யா அல்லா. இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?

— எப்படிக்கா சொல்றது? அம்மா போயி ஆறு வருசம். அண்ணன் என் கல்யாணத்துக்கே வரல. அத்தை மூஞ்சில வேற அப்படி ஒரு சிரிப்பு.

— நல்லாருக்கு. சீருதானேன்னு நாளைக்கு உன் நாத்தனா தூக்கிட்டுப் போனா? வூட்டுல உக்காந்து தைச்சாலும் அது என் கடை வேலை. மிஷினு நான்தான் குடுக்கணும், பெல்ட்டு அறுந்தா நான்தான் மாத்தணும். தரையில குந்தித் தைச்சு உன் இடுப்பு போச்சுன்னா படைச்சவன் என்னையத்தான் கேப்பான்.

— தெரியுதுக்கா. ஆனா வந்த நாளா அத்தை சீருன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப பொய்யின்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும். அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— அழுவாத, கண்ணத் தொடச்சிக்க. அந்தா வர்றாங்க பாரு, நான் பேசிக்கிறேன்.

— சுமதி, வந்தவங்களுக்கு டீயக் குடு. சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

— அத்தை, இவங்க வந்து...

— நான் சுமதியோட தாய்வூட்டு ஆளுங்கம்மா. அனுப்புன சீரு ஒழுங்கா வந்துச்சான்னு பாக்க வந்தேன்.

— குடிங்க ஜன்னத்தம்மா, ஆறிடும். உங்க பேரச் சொல்லி வேன்காரன் நீட்டுன பேப்பர்ல கைநாட்டு வச்சதே நான்தான். கையில வச்சிருக்கிற ஸ்டிக்கர மிஷினுக்கு அடிப்பக்கமா ஒட்டிட்டுப் போங்க. சீரே வராதவன்னு என் மருமவள இந்தத் தெருவுல ஒருத்தி பேசிடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொல்லி வச்சேன்.