கத்திரிக்கோலின் பிடி

தலைமை ஏற்றிருக்கும் தையற்கூட முதலாளி அவர்களே, தளர்ந்த உடலோடு தவறாமல் வந்திருக்கும் பெரியவர்களே, ஊசிமுனையில் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்களே, என் மகனைப் பைத்தியம் என்ற வாய்களே, அதைக் கேட்டும் மூடியிருந்த வாய்களே, எல்லோருக்கும் வணக்கம்!

புதுக்கட்டடம் திறக்கும் நாளில் பழங்கதை எதற்கு என்பீர்கள். எனக்கு எழுத்து வராது, மறதியும் வராது!

என் மகன் இந்தக் கூடத்தில் துணி வெட்டியவன். ஆளில்லாத இடத்தில் அவனுக்குக் குரல் கேட்டது. மனச்சிதைவு என்றார் மருத்துவர். மாத்திரையில் குரல் அடங்கியது. பிறகு அவன் பேச்சும் அடங்கியது. சோறு இறங்கவில்லை, வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்தே கிடப்பான். "பாத்தியா, பிள்ளை சாதுவாயிட்டான்" என்றார்கள் உறவினர்கள். சத்தம் போட்டால் நோய், சத்தமில்லாவிட்டால் சுகமா? புகையாத அடுப்பெல்லாம் அணைந்த அடுப்பா?

ஒரு நாள் மேற்பார்வையாளர், எல்லோர் முன்னிலையிலும் அவன் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கினார். "பைத்தியத்துக்கிட்ட இதை எவன்டா குடுத்தது?" என் மகன் அவரைத் தள்ளினான். மேசைமுனையில் விழுந்து அவர் மணிக்கட்டு முறிந்தது. தவறு. பெற்றவள் சொல்கிறேன், தவறுதான்.

யாரது பின்னால, "அதான் ஆபத்து"ங்கிறது? இரு தம்பி, நான் இன்னும் முடிக்கல!

அன்றோடு அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்; நான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் அவனிடம், "மனசு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"செத்துடலாம்போல இருக்குங்க. ரொம்ப நாளா. யாரும் கேக்கலை."

குரலுக்கு மருந்து கொடுத்தோம். துயரத்துக்கு என்ன கொடுத்தோம்? அவனால் நமக்கு ஆபத்து என்று அஞ்சினோமே, அவனால் அவனுக்கே ஆபத்து என்று அஞ்சினோமா? துயரத்துக்கும் வைத்தியம் நடந்தது; கூடவே சினமும் இறங்கியது. வேலைக்கு அனுப்பலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். முதலாளி மட்டும் "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்கிறார். எத்தனை முறை சொன்னார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது!

ஐயா, கத்திரிக்கோலைக் கைமாற்ற இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூர்முனை தருபவர் உள்ளங்கையில். பிடி வாங்குபவர் பக்கம். குத்தமாட்டாய் என்று நம்பித்தானே தருகிறோம்? திறப்பு நாடாவை வெட்டிய கத்திரிக்கோல் உங்கள் முன்னால் இருக்கிறது. என் மகன் கடைசி வரிசையில் இருக்கிறான். அந்த வழக்கப்படி அவனிடம் நீட்டுங்கள்.

தாய்மார்களே, எனக்குக் கை தட்ட வேண்டாம். அவர் நீட்டியதும் தட்டுங்கள். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமையில்லாத அந்தத் தம்பிக்கும் நன்றி, வணக்கம். பேச்சு முடிந்தது, ஆனால் நான் இறங்கவில்லை. இங்கேயே நிற்கிறேன்.