பெரிய படுக்கையறையின் கணப்பு

இன்ஸ்பெக்டர், உங்கள் காலணியெல்லாம் சேறு. பரவாயில்லை, உட்காருங்கள். இந்தக் கம்பளத்தை யார்தான் மிதிக்கவில்லை.

போரின்போது இந்தத் தார்ன்கோட் மாளிகை ஆஸ்பத்திரியாக இருந்தது. அப்போதுதான் நான் வேலைக்கு வந்தேன். நடனக்கூடம் முழுக்கக் கட்டில்கள். சண்டை முடிந்தும் பிரபு குடும்பம் திரும்பவில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் வந்தது. அதற்கப்புறம் பயிற்சி வகுப்பு நடத்தும் ஒரு கம்பெனி வந்து, ஓவியங்கள் தொங்கிய சுவரில் கரும்பலகையை அடித்தது. ஆளாளுக்குச் சுவரை இடித்தார்கள், கதவை அடைத்தார்கள். பின்னாலேயே நான் துடைப்பத்தோடு போனேன். ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எரிச்சல் வராதா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக வாங்கியவர் ஏட்ரியன் கார்பின். கல்யாண ஓட்டலாக்கப் போகிறாராம். என் பெயர் மாட் ஹாலம்; எனக்குக் கல்யாணம் ஆகவில்லைதான். ஆனாலும் மாளிகையை நிர்வகிப்பவளை மிஸஸ் ஹாலம் என்று அழைப்பதுதான் முறை. கம்பெனிக்காரர்கள்கூட அப்படித்தான் அழைத்தார்கள்.

"மிஸஸ் எல்லாம் இனிமே எதுக்கு? நீங்க மாட், நான் ஏட்ரியன், அவ்வளவுதான்" என்றார் இவர்.

அவர் மனைவி ஃபீபி சிரித்தாள். "உங்க ரூம்தான் மாட், பார் ஆகப்போகுது. கவலப்படாதீங்க, டவுன்ல நல்ல முதியோர் இல்லமா பார்த்து வெச்சிருக்கோம்."

நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த அறை. சரி என்று மட்டும் சொன்னேன்.

விருந்தாளிகள் வரும் முன் பெரிய படுக்கையறையில் தாங்களே தங்கிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பழைய காலம் மாதிரி கணப்பு எரிய வேண்டுமாம். அந்தப் புகைபோக்கிக்குள் காக்கைகள் கூடு கட்டித் தொல்லை கொடுத்ததால், பள்ளிக்கூடத்தார் அதன் வாயைக் கல் வைத்து மூடிவிட்டார்கள். எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

புகைந்தால் தூக்கம் கெடும் என்று, புகை வராத கரியாகப் பார்த்து வாங்கினேன். சன்னல் இடுக்கில் குளிர் வருகிறது என்றாள் ஃபீபி. காகிதத்தைத் திணித்து அடைத்துக் கொடுத்தேன்.

"நீங்க இல்லாட்டி இந்த வீடு என்னதான் ஆகும், மாட்?" என்றார் அவர். அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த பேச்சு அதுதான்.

சொன்ன வேலையைத்தான் செய்தேன், இன்ஸ்பெக்டர். அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. காலையில் தேநீர்த் தட்டோடு மேலே போனேன். கரிவாயு வெளியேறட்டும் என்று சன்னலைத் திறந்துவிட்டு, அந்த அறையிலேயே உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன். தட்டில் ஒரு கோப்பைதான் எடுத்துப் போயிருந்தேன்.