பல்லவியில் வைத்த பெயர்

இரவு பத்தரை. ஐந்தருவியிலிருந்து குற்றாலம் வருகிற சாலை. சீசன் முடிந்து கடைகளுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டியாயிற்று. சிப்ஸ் கடை, பழக்கடை, எண்ணெய் மசாஜ் கொட்டகை... எல்லாம் இருட்டு. தெருவிளக்கு ஒன்றைவிட்டு ஒன்று எரியும். எரிகிறதும் மனசில்லாமல் எரியும். அந்த ரோட்டில் ஒரு மனுஷர் தனியாக நடந்து வருகிறார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

அவர் நம்ம பாண்டியராஜின் தாய்மாமா, ஆறுமுகநயினார். பாண்டியராஜ் இன்றைக்கு வரவில்லை. இருந்தால் என்னைச் சொல்லவிட மாட்டான்.

மாமா கர்நாடக சங்கீதத்தில் கீர்த்தனை எழுதி மெட்டுப் போடுகிறவர். மார்கழியில் சென்னை சபாக்களில் அவர் பாட்டு இல்லாத கச்சேரி அபூர்வம். பாட்டுக்கு இருக்கிற பேர் ஆளுக்கு இல்லை, அதுதான் அவர் வயிற்றெரிச்சல். கீர்த்தனை எழுதுகிறவர்கள் தங்கள் பெயரைக் கடைசியில், சரணத்தில் வைப்பது வழக்கம். முத்திரை என்பார்கள். பாடுகிறவர்களுக்கோ நேரம் பத்தாது. பல்லவியை விதவிதமாக இழைத்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு, சரணத்தை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். யூடியூபில் அவர் பாட்டுக்குக் கீழே 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டிருந்தான் ஒருத்தன். பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் மூட்டையில்கூட யார் சரக்கு என்று மையில் எழுதியிருக்கும். இவர் சரக்கு மட்டும் பெயரில்லாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்காமல் பாடகி முத்துசெல்விக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, சரணத்தை மட்டும் ஏன் முழுங்கிப்புடுதே?"

"சார், சபாவுல மணியடிச்சிருதாங்க. நான் என்ன செய்ய?"

"என் பேரு வார இடத்துலதான் மணியடிக்கணுமா?"

போனை வைத்தவருக்கு ஒரு யோசனை வந்தது. சரணத்தில் வைத்தால்தானே வெட்டுவீர்கள்... பல்லவியில் வைக்கிறேன், முதல் வார்த்தையே என் பேர்தான், வெட்டுங்கள் பார்ப்போம். கல்யாணி ராகத்தில் கட்டினார். 'ஆறுமுகநயினார் அழைப்பது கேளாயோ, குற்றாலநாதா.'

வீட்டுக்காரம்மா தங்கபுஷ்பத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவாவ. மனுசன் பேரை அத்தனை தடவை கூவலாமா?"

"கூவத்தாண்டி வச்சிருக்கேன்," என்றார் மாமா.

அவர் மெட்டுப் போடுகிற விதம் தனி. தம்புரா கிடையாது. கூட்டம் ஓய்ந்தபிறகு ஐந்தருவிக்குப் போய், தண்ணீர் விழுகிற இரைச்சலைச் சுருதியாக வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பாடுவார். அன்றைக்கும் அப்படித்தான். புதுப் பல்லவியைத் தொண்டை காயும்வரை பாடினார். கூட்டிப்போக வருகிற ஆட்டோக்கார மசூது வரவில்லை. போனில் டவரும் இல்லை. நடந்தார்.

பாதி வழியில் மூக்கில் ஏறியது எண்ணெய் வாடை. மசாஜ் கொட்டகையில் நாள்பட்டு ஊறிய எண்ணெய், ஈரத்துணி... இரண்டும் கலந்த வாடை. கொட்டகையோ எப்போதோ தாண்டியாயிற்று. வாடை மட்டும் கூடவே வந்தது.

பிறகு, முதுகுக்குப் பின்னால், பாட்டு.

'ஆறுமுகநயினார்...'

அந்தப் பல்லவியை அவர் வீட்டைத் தாண்டி யாருக்கும் சொல்லவில்லை. குரல் ஆணா பெண்ணா தெரியவில்லை. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. இராத்திரியில் முகம் தெரியாத குரல் பேர் சொன்னால் பதில் கொடுக்கக்கூடாது என்பது நம்ம பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மாமா உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் தடவை. இன்னும் கிட்டே.

பயம் ஒருபக்கம். இன்னொரு பக்கம் எரிச்சல். பெயர் முடிகிற இடத்தில் நிஷாதம், அந்த 'நி' ஸ்வரம், சேரவில்லை. ஒரு நூல் இறங்கி நிற்கிறது. கல்யாணியில் நிஷாதம் இறங்கினால் அவருக்குப் பல்வலி வந்த மாதிரி.

மூன்றாம் தடவை. அதே இடம். அதே தப்பு.

காலமெல்லாம் தன் பாட்டைக் கண்டவர்களும் கடித்துத் துப்பியதைப் பொறுத்துக்கொண்ட மனுஷர், அன்றைக்குப் பொறுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. ஆனால் வாயைத் திறந்து, சரியான நிஷாதத்தை வைத்து, அந்த அடியைப் பாடிக் காட்டிவிட்டார்.

அருவிச் சத்தம்கூட நின்ற மாதிரி ஓர் அமைதி.

அப்புறம் அந்தக் குரல் பாடியது... அச்சாக, அவர் பாடியபடியே.

வாடை போய்விட்டது. வீடு வந்து சேர்ந்தார். தங்கபுஷ்பத்திடம் சொன்னார். "பதில் கொடுக்கல, திருத்தத்தான் செஞ்சேன்," என்றும் சொன்னார். அந்தம்மா திருநீறு எடுத்துவந்து அவர் நெற்றியில் பூசினாள்.

அடுத்த மாதம் தென்காசிக் கல்யாண மண்டபத்தில் முத்துசெல்வி அந்தப் பாட்டை அரங்கேற்றினாள். முதல் வரிசையில் மாமா, சந்தன நிறச் சட்டையில். 'ஆறுமுகநயினார்...' என்று அவள் எடுத்ததும் மண்டபமே அவர் பக்கம் திரும்பியது. எத்தனை வருஷத்து ஏக்கம். அவர் வாயிலிருந்து "ம்..." என்று ஒரு சத்தம் வந்தது. அவர் நினைத்து வந்ததில்லை. அவள் மறுபடி பாட, மறுபடி "ம்..." அதற்கடுத்த தடவை எழுந்து நின்றார். கால் தானாக வாசலுக்குப் போயிற்று. கைதட்டு உள்ளே கேட்டுக்கொண்டிருக்க, அவர் குற்றாலம் ரோட்டில் மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தார். நல்லவேளை, வாசலில் நின்ற மசூது ஓடிப்போய்ப் பிடித்தான்.

"அண்ணாச்சி, உள்ள பாராட்டிக்கிட்டிருக்காவ... நீங்க எங்க போறீய?"

"கூப்பிடுதாவல்லா," என்றார்.

பாட்டு முடிந்ததும் தெளிந்துவிட்டது. ஆனால் பாட்டு அதோடு நிற்கவில்லை. இந்தப் பாட்டுதானா பிய்த்துக்கொண்டு போகவேண்டும். மதுரையில் பாடினார்கள், கோயம்புத்தூரில் பாடினார்கள். எங்கே யார் மேடையில் எடுத்தாலும், இங்கே சோற்றில் கை வைத்திருந்தாலும், "ம்..." என்று எழுந்து மேற்கே, ஐந்தருவிப் பக்கம் நடப்பார். மாமா முத்துசெல்வியிடமே கெஞ்சினார்.

"அந்தப் பல்லவியை மட்டும் விட்டுரும்மா."

"சரணத்தை விட்டா ஏசினிய. இப்பப் பல்லவியை விடச் சொல்லுதீய. பல்லவி இல்லாம என்னத்த சார் பாட?"

"பேரையாவது மாத்து."

"நல்லாருக்கே. உங்க பேருக்காகத்தானே சார் கேக்காங்க எல்லாரும்."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, திருப்பிக் கொடுக்கத்தான் வழியில்லை.

போன மாதம் அமெரிக்காவில் ஏதோ விழா. முந்நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் பாட்டைப் பாடப்போவதாக முத்துசெல்வி பெருமையாகச் சொல்லியிருந்தாள். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் நமக்கு விடிகாலை. தங்கபுஷ்பம் கிரில் கேட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து, கட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

விடிய இன்னும் நேரமிருந்தது. மாமா எழுந்திருக்கவில்லை. "ம்..." சொல்லவில்லை. கண் மூடி மல்லாந்து கிடந்தார், மூச்சு சீராக வந்தது. பாட்டு ரத்தாகியிருக்கும் என்று அந்தம்மாவுக்கு முதலில் ஆறுதல். பிறகு அந்த அமைதியே பயமாகிவிட்டது. "ஏங்க," என்று உலுக்கினாள். அசைவில்லை. "ஏங்க... இங்க பாருங்க..." கன்னத்தைத் தட்டினாள். கண் திறக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை அந்தம்மா. ரேஷன் கடையில்கூட கார்டைத்தான் நீட்டுவாள். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் காதோடு குனிந்து, முதல்முதலாக, சொல்லிவிட்டாள்.

"ஆறுமுகநயினார்..."

கட்டிலில் கிடந்தவர் வாய் அசையவில்லை.

பூட்டின கேட்டுக்கு அந்தப் பக்கம், தெருவிலிருந்து, அவருடைய குரலில்...

"ம்... வந்துட்டேன். கதவைத் திற."