சோம்லியையும் சேர்த்து எண்ணியவர்

தலைமை வகிக்கும் எங்கள் தலைமையாசிரியை கோமளம் அம்மையார் அவர்களே, ஜோகுபாளையத்திலிருந்து வந்திருக்கும், நம் பள்ளி ஆயா லட்சுமம்மாவின் உறவினர்களே, பெற்றோர்களே, சக ஆசிரியர்களே!

ஓர் ஆயாவுக்கு இரங்கல் கூட்டமா என்று நேற்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் சேர்த்தே கணக்கு ஆசிரியன் சேஷகிரி பேசுகிறேன்.

ஐம்பத்தாறாம் ஆண்டில் இந்தப் பள்ளியில் மூன்று வரிசைகள் இருந்தன. மாலை மணி அடித்ததும் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்று, கன்னடப் பிள்ளைகள் ஒன்று, உருதுப் பிள்ளைகள் ஒன்று. அவரவர் ஆசிரியர் எண்ணிச் 'சரி' என்பார். மூன்று 'சரி' கேட்டதும் கேட்டைப் பூட்டுவோம். எவ்வளவு ஒழுங்கு! எவ்வளவு பெருமை நமக்கு!

அந்த ஆண்டு, சாலை போட வந்த லம்பாடிக் குடும்பத்துச் சிறுமி சோம்லி வந்து சேர்ந்தாள். ஏழு வயது. அவள் பேச்சு எங்களுக்குப் புரியாது. எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாமல் யாருமே எழுதவில்லை. நான்காம் நாள் மாலை, என் வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். "இது உன் லைன் இல்ல, அந்தப் பக்கம் போ" என்றேன். நான்தான் சொன்னேன், இந்த வாயால். மூன்று வரிசைகளும் சரியாக இருந்தன. கேட்டைப் பூட்டினோம். தேடி வந்த பெற்றோரிடம், உள்ளே யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை, பின்புறக் கிணற்றில் அவளைப் பார்த்தவர் லட்சுமம்மா.

அன்று மாலை அவர் கேட்டின் நடுவில் நின்றுவிட்டார். "லைனு கீனு எல்லாம் வேணாம் சார். எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணா வரட்டும். நான் தலையத் தொட்டு எண்ணி அனுப்பறேன்" என்றார். ஆயாவுக்கு ஏது அதிகாரம்? ஆனாலும் எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து, காலை வருகையைவிட மாலையில் ஒரு தலை அதிகமாக வந்தது.

எண்ணத் தெரியாதவர் என்று கோபித்துக்கொண்டு, பென்சிலும் தாளுமாக நானே நின்றேன். காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு. மாலையில் இருநூற்றுப் பதின்மூன்று. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, தலையைத் தொட்டுத்தான் எண்ணினேன். அதிகமான முகம் எது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் கடைசித் தலையைத் தொட்ட என் கை ஈரமாக இருந்தது. அன்று மழை இல்லை.

கையைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் லட்சுமம்மா சொன்னார்: "இருந்துட்டுப் போகட்டும் சார். யாருமே கணக்குல சேத்துக்காத புள்ள. நான் சேத்துக்கறேன்."

அறுபதில் ஒரு நாள் எண்ணிக்கை காலை வருகையோடு அப்படியே ஒத்துவந்தது. "இன்னிக்காவது சரியா இருக்கே, பூட்டும்மா" என்றேன். அவர் முகம் மாறியது. "சரியா இருந்தா ஒண்ணு கொறையுது சார்" என்று சொல்லிக்கொண்டே கிணற்றுப் பக்கம் ஓடினார். கிணற்றை மூடியிருந்த பலகையின் மேல் ஒன்றாம் வகுப்பு நாணு உட்கார்ந்திருந்தான். மலையாளப் பிள்ளை, பழைய முறையில் அவனுக்கும் வரிசை இருந்திருக்காது. அவனை அவர் வாரித் தூக்கியதும் உளுத்த பலகை உள்ளே போய் விழுந்தது. அந்த நாணு இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை லட்சுமம்மா நம்மை விட்டுப் போனார். திங்களன்று மாலை நான் எண்ணினேன். காலையிலும் இருநூற்று நான்கு, மாலையிலும் இருநூற்று நான்கு. கிணற்றடி, கழிப்பறை, மாடிப்படி எல்லாம் ஓடினேன். பிறகு பெயர் பெயராகக் கூப்பிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. என் கையும் காய்ந்திருந்தது.

லட்சுமம்மா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைக்கிறேன். கணக்கு ஆசிரியன் இப்படிப் பேசலாமா? பேசுகிறேன்.

இன்று காலை பதிவேட்டில் சோம்லியின் பெயரை எழுதினேன். எட்டு வருடம் தாமதம். இந்தச் சபையின் முன் சொல்கிறேன்: ஒரே வரிசை தொடரும், எந்த மொழிப் பிள்ளையானாலும். தினமும் கடைசியாக அவள் பெயரைக் கூப்பிடுவேன். ஒரு நிமிடம் காத்திருப்பேன். பதில் வராவிட்டால்தான் கேட்டைப் பூட்டுவேன்.